யிட்டிஷ்: செத்த மொழியா, வாழும் மொழியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதர்களின் மொழி எபிரேயம்தானே? யிட்டிஷ் எங்கிருந்து வந்தது?

எபிரேயம் வேதத்துக்கும் பிரார்த்தனைக்கும் உரிய மொழி. இன்று இஸ்ரேலின் ஆட்சிமொழியும் அதுதான். ஆனால் நடு ஐரோப்பாவிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வாழ்ந்த அஷ்கெனாசி யூதர்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக வீட்டில் பேசிவந்தது யிட்டிஷ். சந்தையில் பேரம் பேசியது, பிள்ளையைத் திட்டியது, தாலாட்டுப் பாடியது எல்லாம் அதில்தான். எபிரேயத்தை 'லோஷன் கோய்தெஷ்', அதாவது புனித மொழி என்பார்கள். யிட்டிஷுக்கு 'மாமெ லோஷன்', அம்மாவின் மொழி என்று பெயர்.

ரஷ்யப் பேரரசு 1897இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் அங்கிருந்த யூதர்களில் நூற்றுக்கு 97 பேர், சுமார் 50 லட்சம் பேர், யிட்டிஷைத் தாய்மொழி என்று சொன்னார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகம் முழுவதும் இதைப் பேசியவர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

அது ஜெர்மன் மொழியின் கொச்சை என்கிறார்களே?

அப்படிச் சொன்னவர்களில் யூத அறிஞர்களும் நிறைய உண்டு. 18ஆம் நூற்றாண்டில் பெர்லினில் மோசஸ் மெண்டல்சோனும் அவர் வழிவந்தவர்களும் இதைக் கெட்டுப்போன ஜெர்மன் என்றே நினைத்தார்கள். யூதர்கள் நல்ல ஜெர்மன் பேச வேண்டும் என்பது அவர்கள் வாதம். 'ஜார்கன்' என்ற ஏளனப் பெயர் 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தது. யிட்டிஷில் எழுதியவர்களே கூச்சமில்லாமல் அந்தப் பெயரைப் பயன்படுத்தினார்கள்.

மொழியியலாளர் மாக்ஸ் வைன்ரைக் காட்டிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: 'நொக்ன் பெஞ்ச்சன் ஹொட் தெர் ஸேய்டெ கெகோய்ஃப்ட் அ சேய்ஃபெர்'. சாப்பாட்டுக்குப் பிந்தைய பிரார்த்தனை முடிந்ததும் தாத்தா ஒரு சமய நூல் வாங்கினார் என்று பொருள். வாக்கியத்தின் எலும்புக்கூடு ஜெர்மானியம். 'பெஞ்ச்சன்' (பிரார்த்தனை சொல்வது) லத்தீன் வழி வந்தது. யூதர்கள் ரைன் ஆற்றங்கரைக்கு வருமுன் பேசிய ரோமானிய மொழிகளின் மிச்சம். தாத்தாவைக் குறிக்கும் 'ஸேய்டெ' ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்தது. 'சேய்ஃபெர்' எபிரேயம். கதைப் புத்தகம் வாங்கியிருந்தால் அங்கே 'புக்' என்ற ஜெர்மானியச் சொல் வந்திருக்கும். சமய நூலுக்கு ஒரு சொல், மற்றதுக்கு வேறொரு சொல். ஜெர்மன்காரர் ஒருவருக்கு இந்த வாக்கியத்தில் பாதி புரியும். எது முடிந்ததும் வாங்கினார், வாங்கியவர் யார், வாங்கியது என்ன என்பது புரியாது.

எப்போது பிறந்தது?

ஒரு தேதி குறித்துச் சொல்ல முடியாது. 10ஆம் நூற்றாண்டை ஒட்டி ரைன் ஆற்றங்கரை நகரங்களான ஷ்பேயர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகியவற்றில் உருவானது என்பது பழைய கருத்து. இல்லை, இன்னும் கிழக்கே பவேரியாப் பக்கம், டான்யூப் கரையில் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை.

நமக்குக் கிடைத்திருக்கும், தேதி உறுதியான மிகப் பழைய யிட்டிஷ் வாக்கியம் 1272ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வோர்ம்ஸ் நகர யூதர்களின் பெரிய பிரார்த்தனை நூல் ஒன்றில் இருக்கிறது. நூல் எபிரேயம். அதில் ஒரு சொல்லைப் பெரிய எழுத்துகளில் வரைந்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்குள் இருக்கும் வெற்றிடத்தில், பொடி எழுத்தில், எதுகை வைத்து ஒரு வாழ்த்து: இந்த நூலை ஜெப ஆலயத்துக்குச் சுமந்துபோகிறவனுக்கு நல்ல நாள் வாய்க்கட்டும். தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். சுமக்கிறவன் மேல் எழுதியவருக்கு இரக்கம் வந்ததில் வியப்பில்லை. நூல் இப்போது ஜெருசலேமில் உள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது.

எந்த எழுத்தில் எழுதுகிறார்கள்?

எபிரேய எழுத்தில்தான், வலமிருந்து இடமாக. எபிரேயத்தில் உயிரொலிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். யிட்டிஷ் அந்த எழுத்துகளில் சிலவற்றை உயிரெழுத்தாக்கிக்கொண்டது. 'அயின்' என்ற எழுத்து 'எ' ஆனது, 'அலெஃப்' அடையாளக் குறியோடு 'அ' ஆகவும் 'ஒ' ஆகவும் ஆனது. அதனால் வாசிப்பது எபிரேயத்தைவிடச் சுலபம், ஒரு விலக்கோடு: எபிரேயத்திலிருந்து வந்த சொற்களை மட்டும் பழைய எபிரேய எழுத்துக்கூட்டலிலேயே எழுதுவார்கள். அவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சோவியத் ஆட்சி இதில் கைவைத்தது. மதத்தின் வாடையே கூடாது என்று எபிரேயச் சொற்களையும் ஒலிப்படி எழுதச் சொன்னார்கள். மாஸ்கோவில் வெளியான கட்சி நாளிதழின் பெயர் 'உண்மை' என்று பொருள்படும் 'எமெஸ்'. வேதகாலத்திலிருந்து மூன்றெழுத்தில் எழுதிவந்த சொல்லை முகப்பிலேயே புதுக் கூட்டலில் அச்சிட்டார்கள். பழைய சோவியத் யிட்டிஷ் புத்தகத்தைப் பிரித்ததும் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்.

பெண்களின் மொழி என்று ஏன் சொன்னார்கள்?

ஆண் பிள்ளைகளுக்கு எபிரேயம் கற்றுத் தந்தார்கள், பெண்களுக்குப் பெரும்பாலும் தரவில்லை. ஆகவே பெண்கள் வாசிக்க யிட்டிஷில் அச்சிட்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யானூவ் ஊர் யாக்கோவ் பென் இட்ஸ்ஹாக் எழுதிய 'ட்ஸெனெரெனெ', யூத வேதமான தோராவின் கதைகளையும் விளக்கங்களையும் கலந்து சொல்லும் நூல். கைக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதிப்பு 1622. அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்திருக்கின்றன. ஓய்வுநாளில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாசித்தது இதைத்தான். ஆண்களும் வாசித்தார்கள், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள். அக்காலப் புத்தகங்கள் சிலவற்றில் 'பெண்களுக்கும், படிப்பில்லாததால் பெண்களைப் போன்ற ஆண்களுக்கும்' என்று தயங்காமல் எழுதியிருக்கும்.

ஹாம்பர்க்கைச் சேர்ந்த கிளிக்கெல் என்ற வியாபாரிப் பெண்மணி, கணவர் இறந்த துக்கத்தில் தூக்கம் வராமல், 1691இல் தன் வாழ்க்கையை யிட்டிஷில் எழுதத் தொடங்கினார். முத்து வியாபாரம், பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு, கொள்ளைநோய் என்று எல்லாம் அதில் உண்டு. அக்கால ஐரோப்பாவில் ஒரு யூதக் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்று அறிய அதைவிட நல்ல நூல் எனக்குத் தெரியவில்லை.

பெரிய இலக்கியம் என்று சொல்ல என்ன இருக்கிறது?

நிறைய. நவீன இலக்கியத்துக்கு மூன்று பேரை மூலவர்களாகச் சொல்வார்கள்: மெண்டெலெ மோய்க்கெர் ஸ்ஃபோரிம், ஐ.எல். பெரெட்ஸ், ஷோலெம் அலெய்க்கெம். மெண்டெலெ முதலில் எபிரேயத்தில் எழுதியவர். யாரும் படிக்காததை எழுதி என்ன பயன் என்று 1864இல் யிட்டிஷுக்கு மாறினார். அதற்கு இடம் தந்தது ஒடெசாவில் 1862இல் தொடங்கிய 'கோல் மெவாஸெர்' வார இதழ்.

மூவரில் மக்கள் தலையில் வைத்துக் கொண்டாடியது ஷோலெம் அலெய்க்கெமை. பால்காரர் தெவ்யெயும் அவருடைய மகள்களும் வரும் கதைகள் இவருடையவை. பின்னால் 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' என்ற இசை நாடகம் ஆனது அதுதான். 1916 மே மாதம் நியூயார்க்கில் அவர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெருவில் நின்றார்கள். தன்னைப் பணக்காரர்கள் நடுவே புதைக்க வேண்டாம், உழைக்கும் மக்களோடு புதையுங்கள் என்று உயில் எழுதியிருந்தார். ஆண்டுதோறும் தன் நினைவு நாளில் குடும்பத்தார் கூடித் தன் கதைகளில் சிரிப்பு மிகுந்த ஒன்றை வாசிக்க வேண்டும், எந்த மொழி நன்றாகப் புரியுமோ அந்த மொழியில் வாசிக்கலாம் என்றும் எழுதியிருந்தார். பேரப்பிள்ளைகள் யிட்டிஷ் பேச மாட்டார்கள் என்பதை மனிதர் அப்போதே ஊகித்துவிட்டார் போல.

அப்புறம் கவிஞர்கள், நாடகக்காரர்கள். ஆப்ரஹாம் கோல்ட்ஃபாடென் 1876இல் ருமேனியாவின் யாசி நகரில் தொழில்முறை யிட்டிஷ் நாடகத்தைத் தொடங்கினார். ஐசக் பஷெவிஸ் சிங்கருக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது. யிட்டிஷில் எழுதி அதைப் பெற்றவர் அவர் ஒருவர்தான்.

செய்தித்தாள்கள்?

வார்சாவில் போருக்கு முன் ஒரே நேரத்தில் பல நாளிதழ்கள் போட்டி போட்டன. ஆனால் பெயர் பெற்றது நியூயார்க்கின் 'ஃபோர்வெர்ட்ஸ்'. 1897 ஏப்ரலில் தொடங்கியது. ஆப்ரஹாம் காஹன் அரை நூற்றாண்டுக்கு அருகில் ஆசிரியராக இருந்தார். 1920களில் நாள்தோறும் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அதில் 1906இல் தொடங்கிய 'பிண்டெல் ப்ரீஃப்' என்ற வாசகர் கடிதப் பகுதி பெரும் புகழ் பெற்றது. கப்பலேறி வந்த தையல் தொழிலாளிகள் எழுதினார்கள்: கடவுள் நம்பிக்கை இல்லாதவன் அப்பாவுக்காக ஜெப ஆலயத்துக்குப் போகலாமா, யூதரல்லாத பெண்ணைக் காதலிக்கிறேன் என்ன செய்ய, கணவன் விட்டுவிட்டுப் போய்விட்டான் எப்படிக் கண்டுபிடிப்பது. கடைசிக் கேள்விக்காகவே பத்திரிகை ஓடிப்போன கணவன்மார்களின் புகைப்படங்களை வரிசையாக அச்சிட்டது. ஆசிரியரின் பதில்கள் ஒரு பெரியப்பா சொல்வதுபோல் இருக்கும்: கண்டிப்பு உண்டு, நடைமுறை புத்தி அதைவிட அதிகம்.

1983இல் நாளிதழ் வார இதழானது. 2019இல் அச்சு நின்றது. யிட்டிஷ் பக்கம் இணையத்தில் தொடர்கிறது.

தேசிய மொழி என்று யாராவது அறிவித்தார்களா?

1908இல் செர்னோவிட்ஸ் நகரில் (இன்று உக்ரைனில் இருக்கிறது) ஒரு மாநாடு கூடியது. யூதர்களின் தேசிய மொழி யிட்டிஷ் மட்டுமே என்று ஒரு தரப்பு, எபிரேயத்தைக் கைவிட முடியாது என்று ஒரு தரப்பு. முட்டி மோதிக் கடைசியில் 'ஒரு தேசிய மொழி' என்று தீர்மானம் போட்டார்கள். அந்த 'ஒரு'வில் இரு தரப்புக்கும் திருப்தி இல்லை.

பெரும் அழிவு எப்போது வந்தது?

நாஜிகள் கொன்ற 60 லட்சம் யூதர்களில் சுமார் 50 லட்சம் பேர் யிட்டிஷ் பேசியவர்கள். ஒரு மொழியின் பேச்சாளர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைச் சில ஆண்டுகளில் கொன்றுவிட்டார்கள். பேசியவர்கள் மட்டும் போகவில்லை. அது தெருவிலும் பள்ளியிலும் அச்சகத்திலும் இயல்பாகப் புழங்கிய ஊர்களே போய்விட்டன.

வில்னாவில் (இன்று லிதுவேனியாவின் வில்னியஸ்) நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யிட்டிஷ் ஆய்வுக்கென்று 1925இல் தொடங்கிய 'யிவோ' நிறுவனம் அங்கேதான் இருந்தது. நகரைப் பிடித்த நாஜிகள் அதன் நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் பிரிக்க, யூதர்களை அடைத்துவைத்திருந்த கெட்டோவிலிருந்து நாற்பது பேர் போல ஆட்களை வேலைக்குப் பிடித்தார்கள். ஒரு சிறு பங்கு ஜெர்மனிக்கு ஆராய்ச்சிக்குப் போகும், பெரும்பங்கு காகித ஆலைக்குக் கூழாகப் போகும். அந்த வேலையில் இருந்தவர்களில் ஆப்ரஹாம் சுட்ஸ்கெவெர், ஷ்மெர்க்கெ காச்செர்கின்ஸ்கி என்ற இரண்டு கவிஞர்கள் உண்டு. மாலையில் திரும்பும்போது சட்டைக்குள்ளும் இடுப்பிலும் காகிதங்களைச் சுற்றிக்கொண்டு கெட்டோவுக்குள் கடத்திவந்தார்கள். வாசலில் சோதனையில் பிடிபட்டால் உயிர் போகும். தரைக்கு அடியிலும் சுவர் இடுக்கிலும் மறைத்தார்கள். இவர்களுக்குக் கெட்டோவில் 'காகிதப் படை' என்று பெயர்.

போர் முடிந்ததும் சுட்ஸ்கெவெர் 1946 பிப்ரவரியில் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். யிட்டிஷில் பேச விரும்பினார், ரஷ்ய மொழியில் பேச வேண்டியதாயிற்று. மீட்ட காகிதங்களின் கதையும் அதோடு முடியவில்லை. அவற்றைக் காத்த யூத அருங்காட்சியகத்தை சோவியத் அரசு 1949இல் மூடியபோது, ஆன்டானாஸ் உல்பிஸ் என்ற லிதுவேனிய நூலகர் எஞ்சியவற்றை அழிக்க விடாமல் பழைய தேவாலயம் ஒன்றில் ஒளித்துவைத்தார். சோவியத் காலம் முடியும் தறுவாயில்தான் அது வெளியே தெரிந்தது. 2017இல்கூட அங்கிருந்து இன்னொரு பெரிய குவியல் அடையாளம் காணப்பட்டது.

சோவியத் ஒன்றியம் யிட்டிஷை ஆதரித்ததா, அழித்ததா?

இரண்டும். 1920களில் அரசுச் செலவில் பள்ளிகள், நாடக அரங்குகள், பதிப்பகங்கள். தூரக் கிழக்கில் பிரோபிஜானை மையமாக வைத்து 1934இல் யூத சுயாட்சிப் பகுதி. அங்கே ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இன்றும் யிட்டிஷ் இருக்கிறது, பேசுகிறவர்கள்தான் அரிது. பிறகு ஸ்டாலினின் மனம் திரும்பியது. நாடக நடிகர் சாலமன் மிக்கோயெல்ஸை 1948 ஜனவரியில் மின்ஸ்கில் கொன்று விபத்தாகக் காட்டினார்கள். 1952 ஆகஸ்ட் 12 அன்று மாஸ்கோ சிறையில் 13 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அவர்களில் பெரெட்ஸ் மார்கிஷ், லெய்ப் க்விட்கோ, டேவிட் பெர்கெல்சன் போன்ற முன்னணி எழுத்தாளர்கள் இருந்தார்கள்.

இஸ்ரேலாவது அரவணைத்திருக்கலாமே?

இல்லை. புது நாட்டுக்குப் புது மனிதன், அவனுக்கு எபிரேயம் என்பது யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனியர்களின் கொள்கை. யிட்டிஷ் அவர்களுக்குக் கெட்டோவின் மொழி. 1920களில் டெல் அவீவில் 'மொழிக் காவல் படை' என்று இளைஞர்கள் கிளம்பி, யிட்டிஷ் கூட்டங்களிலும் காட்சிகளிலும் கலாட்டா செய்தார்கள். எபிரேயப் பல்கலைக்கழகத்தில் யிட்டிஷுக்குத் துறைப் பதவி அமைக்க 1927இல் ஒருவர் பணம் தர முன்வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி அது நின்றுபோனது, 1951இல்தான் நிறைவேறியது. நாடு உருவான முதல் ஆண்டுகளில் உள்ளூர்க் கலைஞர்களின் யிட்டிஷ் நாடகத்துக்கும் தடை இருந்தது. நாஜி முகாம்களிலிருந்து தப்பிவந்தவர்களில் பெரும்பாலோர் பேசியது அந்த மொழிதான் என்பதை நினைத்தால் கசப்பாக இருக்கிறது. அதே நாட்டில் சுட்ஸ்கெவெர் 1949 முதல் 1995 வரை 'டி கோல்டெனெ கெய்ட்' என்ற முதல்தரமான யிட்டிஷ் காலாண்டிதழை நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இன்று யார் பேசுகிறார்கள்?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். யிட்டிஷ் செத்துக்கொண்டிருக்கிறது என்று நூறு ஆண்டுகளாக இரங்கல் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் தேடுவது நாவல் எழுதும், நாடகம் பார்க்கும், மதச்சார்பற்ற யிட்டிஷ்காரரை. அவர் உண்மையிலேயே அருகிவிட்டார். ஆனால் நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க்கிலும் பரோ பார்க்கிலும், லண்டனின் ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லிலும், ஆன்ட்வெர்ப்பிலும், ஜெருசலேமின் மெயா ஷெயாரிமிலும் தெருவில் விளையாடும் குழந்தைகள் யிட்டிஷில்தான் சண்டை போடுகிறார்கள். இவர்கள் ஹசிடிக் யூதர்கள், கடுமையான சமயப் பற்றுடையவர்கள். நியூயார்க் மாநிலத்தில் கிரியாஸ் யோயெல் என்ற ஊரில் பத்தில் ஒன்பது பேர் வீட்டில் பேசுவது யிட்டிஷ். 2019இல் தட்டம்மை பரவியபோது நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை தடுப்பூசி அறிவிப்பை யிட்டிஷிலும் அச்சிட்டது.

மொத்த எண்ணிக்கை 5 லட்சம் முதல் 10 லட்சம் வரை என்று பலவாறு மதிப்பிடுகிறார்கள். குடும்பத்துக்கு ஆறேழு பிள்ளைகள் சாதாரணம் என்பதால் அது ஏறுகிறது, இறங்கவில்லை.

அவர்கள் பேசுவது பழைய யிட்டிஷ்தானா?

மாறிவிட்டது. வாழும் மொழி மாறத்தானே செய்யும். பழைய யிட்டிஷில் பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால், பெயருக்கு முன்னால் வரும் சிறு சொல் பாலுக்கும் வேற்றுமைக்கும் ஏற்ப மாறும்: தெர், டி, தொஸ், தெம். ஸ்டாம்ஃபோர்ட் ஹில்லில் இளையவர்களின் பேச்சை ஆராய்ந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர், இரண்டே தலைமுறையில் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்து எல்லாவற்றுக்கும் 'தெ' என்ற ஒரே வடிவம் வந்துவிட்டதைக் காட்டியிருக்கிறார்கள். அதோடு ஆங்கிலச் சொற்கள் தாராளம். பல ஹசிடிக் சமூகங்களில் பையன்களின் படிப்பு யிட்டிஷில், பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கூடுதல். பெண்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசுவதும் உண்டு. மாமெ லோஷன் என்ற பெயருக்கு இது ஒரு விசித்திரத் திருப்பம்.

இலக்கணம் பார்க்கும் பல்கலைக்கழக யிட்டிஷ்காரர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். ஹசிடிக் பக்கமோ, பெரெட்ஸையும் சிங்கரையும் கடவுள் நம்பிக்கை குலைப்பவர்கள் என்று ஒதுக்கிவைக்கிறது. ஆக, இலக்கியம் ஒரு வீட்டிலும் குழந்தைகள் இன்னொரு வீட்டிலும் இருக்கிறார்கள். என் கணிப்பில் குழந்தைகள் இருக்கும் வீட்டில்தான் மொழி நிலைக்கும், நூல்களை அவர்கள் பின்னால் கண்டெடுக்கவும் கூடும். இணையத்தில் ஹசிடிக் இளைஞர்கள் சிலர் ஏற்கெனவே கதையும் கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

மதச்சார்பற்ற பக்கத்தில் வீட்டில் பேசுகிறவர்கள் யாருமே இல்லையா?

சிலர் பிடிவாதமாக இருக்கிறார்கள். செர்னோவிட்ஸில் வளர்ந்த மொழியியலாளர் மொர்டெக்கெ ஷெக்டெர் நியூயார்க்கின் பிராங்க்ஸில், பெயின்பிரிட்ஜ் அவென்யூவில், தன் குடும்பத்தையும் இன்னும் சில குடும்பங்களையும் அருகருகே குடியேற்றிப் பிள்ளைகளை யிட்டிஷிலேயே வளர்த்தார். அவர் மகள் ருக்ல் ஷெக்டெர் 'ஃபோர்வெர்ட்ஸ்' யிட்டிஷ் பதிப்பின் ஆசிரியரானார். இன்னொரு மகள் கிட்ல் ஷெக்டெர்-விஸ்வநாத் 2016இல் வெளியான பெரிய ஆங்கில-யிட்டிஷ் அகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். விஸ்வநாத் என்ற பெயரைப் பார்த்துக் கண்ணைத் தேய்க்க வேண்டாம், அவர் கணவர் இந்தியாவிலிருந்து போனவர். அவர்கள் மகன் அருண் விஸ்வநாத்தான் 'ஹாரி பாட்டர்' முதல் பாகத்தை யிட்டிஷில் மொழிபெயர்த்தவர். 2020இல் அதை ஸ்வீடனில் உள்ள ஒரு பதிப்பகம் வெளியிட்டது. ஸ்வீடன் யிட்டிஷை நாட்டின் சிறுபான்மை மொழிகளில் ஒன்றாகச் சட்டப்படி அங்கீகரித்த நாடு.

பழைய புத்தகங்கள் எங்கே கிடைக்கும்?

1980இல் ஆரன் லான்ஸ்கி என்ற இளைஞர், தாத்தா பாட்டி இறந்ததும் யிட்டிஷ் புத்தகங்களைப் பேரப்பிள்ளைகள் குப்பையில் போடுவதைக் கண்டு, அவற்றைச் சேர்க்கக் கிளம்பினார். உலகத்தில் மொத்தம் எழுபதாயிரம் இருக்கலாம் என்று அறிஞர்கள் அவரிடம் சொன்னார்கள். சேர்ந்தது பத்து லட்சத்துக்கும் மேல். மாசசூசெட்ஸின் ஆம்ஹெர்ஸ்டில் உள்ள யிட்டிஷ் புத்தக மையம் அவற்றில் ஆயிரக்கணக்கான தலைப்புகளை மின்வருடி இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது.

கற்க நினைத்தால் எங்கே தொடங்குவது?

முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள், ஒரு வாரம் போதும். டியோலிங்கோவில் 2021இலிருந்து பாடம் இருக்கிறது. அதன் உச்சரிப்பு ஹசிடிக் பாணி, பாடநூல்களில் இருப்பது 'யிவோ' வகுத்த பொது உச்சரிப்பு. இரண்டிலும் சொற்களே வேறோ என்று பயப்பட வேண்டாம், சொல் ஒன்றுதான், உயிரொலிகள்தான் இடம் மாறும்: ஒருவர் 'குட்' என்றால் இன்னொருவர் 'கிட்' என்பார். ஒழுங்காகப் படிக்க 'யிவோ' நடத்தும் கோடைகால வகுப்பும், ஆம்ஹெர்ஸ்ட் மையம் 2020இல் கொண்டுவந்த 'இன் எய்னெம்' பாடநூலும் உண்டு. காதுக்குப் பழக, 'ஃபோர்வெர்ட்ஸ்' இணையத்தில் போட்டிருக்கும் யிட்டிஷ் சமையல் காணொளிகள் நல்லவை. நிதானமாகப் பேசுவார்கள், ஆங்கில வரிகள் கீழே ஓடும், உருளைக்கிழங்கு நறுக்குவதைப் பார்த்துக்கொண்டே பாதி புரிந்துவிடும்.